பெசமினோ மேஸ்திரி கேட்காத கூலி

எங்கள் வீட்டு வேலை ஆரம்பித்துப் பதினோராவது நாள் என்று ஞாபகம். மூன்று நாளாகக் கடல் கொந்தளித்துக் கிடந்தது. ஒரு படகும் போகவில்லை. கடையில் என் பேரில் ஏற்கெனவே கடன் நின்றது. வீடு கட்டுகிறவர்களுக்குக் காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் சாப்பாடு போடுவது வீட்டுக்காரி பொறுப்பு. அதுவும் நல்ல சாப்பாடாகப் போட வேண்டும். மீனோ கறியோ இல்லாமல் வெறும் வாழைக்காயை அவித்து மேஸ்திரி முன்னால் வைத்தால், அந்த வீட்டுப் பேர் அன்றைக்கே பஸ் ஏறி ஊர் தாண்டிப் போய்விடும்.

அன்று காலையில் நான் சமையல் கொட்டகைக்குப் பின்னால், காலியான மாட்டுக்கறி டின்னுக்குள் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தேன். ஓரத்தில் ஒட்டியிருந்த கொழுப்பாவது கரைந்து வாசனை வருமே என்று. பெசமினோ மேஸ்திரி தண்ணீர் பிடிக்க அந்தப் பக்கம் வந்தார். வாளியை நிரப்பிக்கொண்டு போய்விட்டார். என்னைப் பார்த்தார் என்றே நான் நினைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் முன்பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

“தங்கச்சி, சொல்ல மறந்துட்டேன். இன்னிக்கு எங்க ஆறு பேருக்கும் உபவாசம். சாயங்காலம் வரைக்கும் தண்ணிதான். நீ அடுப்பு மூட்டாதே.”

நான் நம்பிவிட்டேன். நம்பினது மட்டுமில்லை, இப்படிப் பக்தியுள்ள ஆட்களை என் வீட்டுக்கு அனுப்பினாரே என்று முழங்கால் போட்டுக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அன்று சாயங்காலம் படகு போய்வந்து, மீனும் கிடைத்தது. அதற்கு வெகுநாள் கழித்துத்தான் அவரிடம் வேலை பார்த்த சகாலியா எனக்கு விஷயத்தைச் சொன்னான்.

“உபவாசமா? அக்கா, அவரு எங்களை ஒரு வார்த்தை கேக்கல. ‘டேய், நீங்க இன்னிக்கு உபவாசம் இருக்கீங்க’ன்னாரு. அவ்வளவுதான். மத்தியானம் எனக்குக் கண்ணு ரெண்டும் இருட்டிட்டு வந்துச்சு. ஏணி ரெண்டா தெரிஞ்சுது. நல்ல வேளை, நான் ஏறினது நெஜ ஏணி.”

பெசமினோ எங்கள் ஊர்க்காரர் இல்லை. தெற்குக் கடற்கரை ரோட்டில் கிழக்கே இரண்டு வளைவு தாண்டினால் அவர் ஊர். அவர் சபையும் வேறு. கட்டையான ஆள், தடித்த கழுத்து, சிமெண்ட் தின்ற விரல்கள். வேலை செய்யும்போது பாமாலை முனகிக்கொண்டே இருப்பார். கோபம் வந்தால் அதே பாட்டு வேகமாக வரும், அதை வைத்துத்தான் அவர் ஆட்கள் அவர் மனசைத் தெரிந்துகொள்வார்கள். மரத்தை டேப் வைத்து அளந்துவிட்டு, வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை முழங்கையையும் வைத்துப் பார்ப்பார். “டேப்பு கடையில வாங்கினது. கை ஆண்டவர் கொடுத்தது. ரெண்டும் ஒத்துக்கணும்ல?” என்பார்.

அவர் அப்பாவும் மேஸ்திரிதான். அந்தக் காலத்தில் ஆணியே இல்லாமல், தேங்காய்நார்க் கயிற்றால் கட்டி எழுப்பும் வட்ட வீடுகளைக் கட்டியவர். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூலி இவ்வளவு என்று மேஸ்திரி வாயால் சொல்லக்கூடாது. வீட்டுக்காரர் தானாகப் பார்த்து, எங்களில் பொன் மாதிரி மதிக்கிற மெல்லிய பாயும் பன்றியும் காசும் கொடுப்பார். மனசுக்கு ஒத்து வந்தால் வேலை நடக்கும். ஒத்துவரவில்லை என்றால் மேஸ்திரி சண்டை போடமாட்டார், ஒரு வார்த்தை பேசமாட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் ஆளும் இருக்காது, கருவிப் பெட்டியும் இருக்காது. அப்படி ஒருவர் விட்டுவிட்டுப் போன வீட்டை நாடு முழுக்கத் தேடினாலும் வேறு எந்த மேஸ்திரியும் தொடமாட்டார். பாதிச் சுவரோடு அது அப்படியே நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்லும். இப்போது கான்கிரீட்டும் தகரமும் வந்து, தலைநகர் ஆப்பியா பக்கம் எல்லாரும் ரேட் பேசித்தான் வேலை செய்கிறார்கள். பெசமினோ சிமெண்ட் வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டார், வழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. கையில் கொடுத்தால் வாங்குவார். கேட்கமாட்டார்.

புயல் எங்கள் கூரையைக் கொண்டுபோன அடுத்த வருஷம் அது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. குடும்பத் தலைவர் என்ற பட்டம் என் தம்பி அலெசனாவுக்கு. அவன் ஆக்லாந்தில் கட்டட வேலை பார்க்கிறான். இங்கே வீட்டுப் பொறுப்பு எனக்கு. புது வீடு கட்டப் பணம் அனுப்புகிறேன் என்று அவன் சொன்னதும் நான் பெசமினோவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, போனை நடுவில் வைத்தேன்.

“அக்கா, எல்லாத்தையும் தாள்ல எழுதி வாங்கு” என்றான் தம்பி. “இங்கெல்லாம் தாள் இல்லாம ஒரு கதவுப்பிடிகூட மாட்டமாட்டாங்க.”

பெசமினோ போனுக்குக் கிட்டே குனிந்தார். “தம்பி, அந்தத் தாள்ல மழை வந்தா என்ன செய்யணும்னு இருக்கா?”

“இருக்கு மேஸ்திரி.”

“நடுவுல உங்க அக்காவுக்கு இன்னொரு ஜன்னல் வேணும்னு தோணிச்சுன்னா?”

“அதுக்குத் தனிக் காசு, தனிக் கையெழுத்து.”

“அப்படின்னா அதை என் பொண்டாட்டி கண்ணுல காட்டிராதே. நாளைக்கே எனக்கும் ஒரு தாள் எழுதிருவா.”

தம்பி அங்கே விழுந்து விழுந்து சிரித்தான். கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது. சாமான்களுக்கு அவனே கடைக்கு நேராகப் பணம் கட்டிவிடுவான். கூலியை மூன்று பங்காக எனக்கு அனுப்புவான். தளம் போட்டதும் ஒன்று, சுவர் எழும்பியதும் ஒன்று, கூரைக்கு மரம் ஏறியதும் பெரிய பங்கு.

“அக்கா கைக்கு வரும் மேஸ்திரி. அங்கேயிருந்து உங்க கைக்கு.”

“அக்கா கைன்னா சரி” என்றார் பெசமினோ. “அதுக்கு மேல என்ன தாளு.”

முதல் இரண்டு பங்கும் வந்த அன்றைக்கே கொடுத்தேன். கவரை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிவிட்டு, பிரித்துப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொள்வார். சாயங்காலம் கை கால் கழுவியதும் ஆட்களை வட்டமாக உட்கார வைத்துப் பங்கு போட்டுக் கொடுப்பார். ஐந்து பேருக்கும் கொடுத்த பிறகு மிஞ்சுவதுதான் அவருக்கு. ஒரு தடவை மிஞ்சியது ரொம்பக் கொஞ்சம் என்று எனக்கே தெரிந்தது. சகாலியாகூடக் கிண்டல் பண்ணினான். “மேஸ்திரி, எசெட்டா அண்ணிகிட்ட நான் வேணா வந்து சாட்சி சொல்லட்டுமா?”

“வா வா” என்றார் அவர். “அவ கட்டையத் தூக்கும்போது நீ முன்னால நில்லு.”

மூன்றாவது பங்கு செப்டம்பர் முதல் வாரம் சனிக்கிழமை வந்தது. ஆப்பியா போய் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்புவதற்குள் ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். வீட்டுக்கு இன்னும் கதவு வரவில்லை, அதனால் கவரை எங்கேயும் வைக்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அதையும் கைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். என் குற்றம் அந்தக் கைப்பையில்தான் ஆரம்பித்தது.

அன்றைக்குப் புது ஆலயக் கட்டடத்துக்குக் கடைசிக் காணிக்கை. எங்கள் சபையில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று மூப்பர் எழுந்து நின்று பேர் பேராக வாசிப்பார். அதற்கு முந்தின மாதம் எங்கள் குடும்பத்துப் பேர் கடைசிக்கு முந்தினதாக வந்திருந்தது. வெளியே வந்தபோது மூப்பர் மனைவி என் தோளில் கை வைத்து, “உன் தம்பி ஆக்லாந்துல பெரிய வீடு வாங்கியிருக்கானாமே! இங்க பேரு மட்டும் இவ்வளவு கீழ வருது. மூப்பர் படிக்கும்போது எனக்கே கூச்சமா போச்சு” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஒரு மாதமாக என் காதில் இருந்தது.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மேசைக்குப் போனார்கள். மூப்பர் வாசிக்கிற தொகை ஏறிக்கொண்டே போனது. என் கையில் இருந்த சின்னக் காணிக்கைக் கவர் வியர்வையில் நனைந்தது. என் முறை வந்தது. மேசை முன்னால் நின்று கைப்பையைத் திறந்தேன். எந்தக் கவரை எடுக்கிறேன் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பன்றி இரண்டை விற்றால் பாதி வந்துவிடும், கிறிஸ்துமஸுக்குத் தம்பி அனுப்புவதில் மீதியைச் சரிக்கட்டலாம், கர்த்தருடைய வீட்டுக்குத்தானே என்று கவரை வெளியே எடுப்பதற்குள் மனசு எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டது.

மூப்பர் என் குடும்பப் பேரை வாசித்து, தொகையை இரண்டு தடவை சொன்னார். அன்றைக்கு எங்கள் பேர்தான் முதலாவது. போதகர் கையெடுத்து வாழ்த்தினார். முகம் சூடேற, பெருமையில் மிதந்துகொண்டு திரும்பினேன். கடைசி பெஞ்சில் சகாலியா உட்கார்ந்திருந்தான். அவன் எங்கள் சபைக்காரன். அவன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்னாலேயே எழுந்தேன். ஈரப்பலா மரத்தடியில் மேஸ்திரியின் கருவிப் பெட்டி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். இருந்தது. வேலை ஆட்களோடு அவரும் வந்தார். நான் பொய்யை ஆயத்தமாக வைத்திருந்தேன். தம்பி இன்னும் அனுப்பவில்லை, அங்கே பேங்க்கில் ஏதோ தாமதம், காணிக்கைப் பணம் மகளிர் குழுச் சேமிப்பு என்று எல்லாம் கோத்து வைத்திருந்தேன். அவர் கேட்டால் சொல்ல வேண்டும்.

அவர் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். “தங்கச்சி, மேக்காலப் பக்கம் காத்து ஜாஸ்தி. அந்தப் பக்கம் சட்டத்தை இன்னும் நெருக்கமா போட்டுறேன்” என்றார். ஏணியில் ஏறிவிட்டார்.

பாட்டு மட்டும் அன்றைக்கு வேகமாக வந்தது.

மூன்று வாரம் கூரை வேலை நடந்தது. தினமும் காலையில் கண் திறந்ததும் அந்தப் பெட்டியைப் பார்ப்பேன். எடுத்துக்கொண்டு போயிருந்தால் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். போக அவருக்கு உரிமை இருந்தது. ஒரு நாள்கூடப் போகவில்லை. நான் இரண்டு தடவை சொல்லிவிடலாம் என்று கிட்டே போனேன். ஒரு தடவை அவர் வாயில் நாலு ஆணியை வைத்துக்கொண்டு தகரம் அடித்துக்கொண்டிருந்தார், ஆணியைத் துப்பிவிட்டு “என்ன தங்கச்சி?” என்றார். “கொக்கோ போடட்டுமா?” என்று கேட்டுவிட்டு வந்தேன். இன்னொரு தடவை அதுவும் கேட்கவில்லை. தினமும் ஜெபம் பண்ணினேன். ஜெபத்தில் கர்த்தரிடம் பன்றிக்கு நல்ல விலை கேட்டேன். தைரியம் கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் வீடு முடிந்தது. வீடு முடிப்பு விருந்துக்கு அலெசனா விமானத்தில் வந்து இறங்கினான். விற்கலாம் என்று நான் நினைத்த பன்றிகள் விருந்துக்குப் போயின. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சுருட்டி வைத்திருந்த மெல்லிய பாய்களை எடுத்து மேஸ்திரி முன்னால் விரித்தார்கள். பட்டு மாதிரி மின்னும் அந்தப் பாய்களைப் பார்க்கவே ஊர் கூடியிருந்தது. தலைவர்கள் சபையில் பேசும்போது பிடிக்கிற கோலைப் பிடித்துக்கொண்டு தம்பி எழுந்து நின்றான்.

“மேஸ்திரி, இந்த வீட்டுக்கு நான் ஒரு தாளும் எழுதல. அக்கா கையில கொடுத்தேன், அக்கா உங்க கையில கொடுத்தா. எல்லாப் பங்கும் வந்து சேர்ந்துதா? குறை ஏதாவது இருந்தா ஊர் முன்னாடி இப்பவே சொல்லுங்க. இங்கேயே தீர்த்துட்டுப் போறேன்.”

அவன் மனசாரத்தான் கேட்டான். பையில் பணமும் வைத்திருந்தான். கேட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பெருமையாகப் பார்த்தான். எங்களில் அக்கா தங்கையின் பேச்சை ஆண்பிள்ளை சந்தேகப்படுவதே இல்லை. நான் வெந்த கிழங்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்றேன். சகாலியா மேஸ்திரியின் முதுகைப் பார்த்தான். நான் வாய் திறக்க வேண்டிய இடம் அதுதான். ஒரு வார்த்தை போதும். தட்டு கனக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டு நின்றேன்.

பெசமினோ எழுந்தார்.

“தலைவரே, வாங்க வேண்டியதெல்லாம் வாங்கியாச்சு. ஒரே ஒரு குறை இருக்கு” என்றார். நான் தட்டை இறுக்கிப் பிடித்தேன். “உங்க அக்கா போட்ட சாப்பாட்டுல என் ஆளுங்க எல்லாம் பெருத்துட்டானுங்க. அடுத்த வீட்டுக்கு நான் ஏணியை மாத்தணும்.”

ஊரே சிரித்தது. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கட்டிப் பிடித்தான். என் தட்டிலிருந்து யாரோ கிழங்கை எடுத்துக்கொண்டார்கள்.

பாய்களை அவர் ஆட்களுக்குக் கொடுத்தார். பாய் கடையில் செல்லாது. அக்டோபர் இரண்டாவது ஞாயிறு எங்கள் பிள்ளைகள் திருநாளான வெள்ளை ஞாயிறு, அவர்களுக்கெல்லாம் தலை முதல் கால் வரை வெள்ளையில் புதுத்துணி எடுக்க வேண்டும். ஆட்கள் கூலி கேட்டபோது அவர், “காசு எங்கிட்டதான் இருக்கு. ஒரு அவசரத்துக்கு எடுத்துட்டேன், பொறுத்துக்கோங்க” என்று சொல்லியிருக்கிறார். சகாலியா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். காணிக்கை விஷயத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவனிடம் முன்னாலேயே சத்தியம் வாங்கியிருந்தார். வெள்ளை ஞாயிற்றுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மேஸ்திரி தன் லாரியை விற்று ஆட்களுக்குக் கொடுத்தார். கொடுத்தும் முழுசாக அடையவில்லை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். போனவர்கள் பேசினார்கள்.

லாரி இல்லாமல் மேஸ்திரி எப்படி மரம் ஏற்றுவார், சிமெண்ட் கொண்டுவருவார்? ஆனால் லாரியைவிடப் பெரிதாக ஒன்று போயிருந்தது. அடுத்த ஜனவரியில் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“பெசமினோவை வெக்கலாமே. நல்ல வேலைக்காரர்.”

“அந்த ஆளா? ஆளுங்க கூலியை முழுங்கிட்டவன்பா. சீட்டாட்டத்துல விட்டுட்டானாம். அவனை நம்பி யாரு காசு கொடுப்பா?”

சீட்டை அவர் கையால் தொட்டதுகூட இல்லை. என் ஊர் வரைக்கும் அவர்கள் தலைக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தேன். மணியை அடித்து இறங்கினேன். புது வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தக் கதவு இன்றைக்கு வரைக்கும் சத்தமில்லாமல் சாத்துகிறது, அவ்வளவு நேர்த்தியாக மாட்டியிருந்தார்.

அவரை யாரும் கூப்பிடவில்லை. நாற்பது வருஷமாக மேஸ்திரியாக இருந்தவர், ஆப்பியாவில் இன்னொரு காண்ட்ராக்டரிடம் தினக்கூலிக்குக் கல் சுமக்கப் போனார். அங்கே ஒரு துரு ஆணி காலில் ஏறியது. ஏற்கெனவே சர்க்கரை. புண் ஆறவில்லை. முதலில் விரல், பிறகு பாதம், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சகாலியா என் வீட்டு முற்றத்தில் வந்து நின்று அதைச் சொன்னான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உபவாசக் கதையையும் அன்றைக்குத்தான் சொன்னான். சிரிக்கிற மாதிரி ஆரம்பித்தான். முடிக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

“அவரு சத்தியம் வாங்கிட்டாரு அக்கா. அதனால நான் யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அவரு சொல்லல.”

அன்றைக்கே தம்பிக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அக்கா, நான் ஊர் முன்னாடி அவரைக் கேட்டேனே” என்றான். “நீ தட்டைப் பிடிச்சுட்டு நின்னியே.”

நாலு நாளில் பணம் வந்தது. தம்பி குரல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுகிறவன், இப்போது பெருநாட்களில் மட்டும் கூப்பிடுகிறான்.

நான் அவர் வீட்டுக்குப் போனது ஒரு வியாழக்கிழமை. அதற்கு ஒன்பதாம் நாள் பெசமினோ மேஸ்திரி போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குப் பெரிய கூட்டம். போதகர் கேட்டுக்கொண்டார் என்று அங்கேயும் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன், எங்கள் சபையிலும் சொன்னேன். இப்போது பஸ்ஸில் யாராவது அவர் பேரை எடுத்தாலும் சொல்கிறேன். ஆனால் அதையெல்லாம் அவர் கேட்கவில்லை. அவர் கேட்டது அந்த வியாழக்கிழமை மட்டும்தான்.

எங்களில் கொலை மாதிரிப் பெரிய குற்றம் நடந்தால், குற்றம் செய்த குடும்பத்துத் தலைவர்கள் விலையுயர்ந்த பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பாதிக்கப்பட்டவர் வீட்டு முற்றத்தில் போய் உட்காருவார்கள். அந்த வீட்டுக்காரர் வந்து பாயை எடுக்கும் வரைக்கும் அப்படியே இருக்க வேண்டும். எடுக்காமல் விடவும் அவருக்கு உரிமை உண்டு. ஒரு பெண் தனியாகப் போய் உட்கார்ந்ததை நான் கேள்விப்பட்டதில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டில் மிச்சமிருந்த ஒரே பாயை எடுத்துக்கொண்டு, கவரை அதற்குள் வைத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டு முன்னால் வெயிலில் உட்கார்ந்து தலையோடு மூடிக்கொண்டேன்.

பாய்க்குள் ஒன்றும் தெரியாது. காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அக்கம்பக்கத்தவர்கள் கூடினார்கள். “யாரு? யாருடீ இது?” என்று கிசுகிசுத்தார்கள். எசெட்டா உள்ளேயிருந்து, “நான் போய் எடுக்கறேன், நீங்க உக்காருங்க” என்று சொன்னது கேட்டது. “வேணாம்” என்றார் அவர். அதற்குப் பிறகு சரளைக்கல்லில் ஏதோ இழுபடுகிற சத்தம். நின்று நின்று வந்தது. கொஞ்சம் இழுபடும், மூச்சு வாங்கும், மறுபடி இழுபடும். அது என்ன சத்தம் என்று புரிந்தபோது நான் பாய்க்குள் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பாய் விலகியது. அவர் தரையில், என் எதிரே உட்கார்ந்திருந்தார். லுங்கியெல்லாம் மண். பாதி உடம்பாக இளைத்திருந்தார்.

“வெயில்ல எவ்வளவு நேரம் இருப்பே” என்றார். “கட்டில் காலா இருந்தா நானே ஒண்ணு செதுக்கிப் போட்டிருப்பேன். சீக்கிரம் வந்திருப்பேன்.”

நான் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, உரக்கச் சொன்னேன். கூலி எனக்கு வந்தது, நான் கொடுக்கவில்லை, பேருக்காகக் காணிக்கையில் கொடுத்துவிட்டேன், இவர் யார் காசையும் தொடவில்லை என்று. எசெட்டா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பொண்டாட்டியிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை.

கவரை நீட்டினேன். தலைக்கு மேலே தூக்கினார். பிரிக்காமல் எசெட்டாவிடம் கொடுத்து, “கோவிச்சுட்டுப் போனானுங்களே ரெண்டு பேரு, முதல்ல அவனுங்களுக்கு அனுப்பு” என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“மேஸ்திரி, அந்தத் திங்கக்கிழமையே உங்களுக்குத் தெரியும். சகாலியா சொல்லிட்டான். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கக் கூடாதா? ஏன் கேக்கல?”

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

“கேட்டிருந்தா நீ எங்கிட்ட பொய் சொல்லியிருப்பே, தங்கச்சி” என்றார். “அதுக்கப்புறம் அந்த வீட்டுக்குக் கூரை போட எனக்குக் கை வந்திருக்காது.”